வடக்கு ஜன்னலின் திரை

சார்ல்ஸ்டன்
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகள் வெர்டெலுக்கு, அப்பா எழுதுவது. நானும் வீடும் சுகம். எங்கள் இருவரில் யாருடைய மூட்டு அதிகம் முனகுகிறது என்பதில்தான் போட்டி. படியேறும்போது கேட்கிற சத்தம் படியுடையதா முழங்காலுடையதா என்று எனக்கே தெரிவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த மினியாபொலிஸ் குளிரில் விறைத்துப்போகாமல் இருக்க ஆண்டவர் துணையிருக்கட்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என் முகத்தைக் காட்டச் சொல்கிறாய், பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்கிறாய், அதிலிருக்கும் வெண்ணெய்க்கு விளக்கம் கேட்கிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, குறுக்கே பேசவும் உன்னால் முடியாது. வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேனா இல்லையா என்று மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும் என்றாய். தனியாக விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். பதில் சொல்கிறேன், ஆனால் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சின்ன வயதில் கதைப் புத்தகங்களை அப்படித்தான் படித்தாய், அந்தப் பழக்கம் இன்னும் போயிருக்காது.

நீ அனுப்பிய வீட்டுத் தரகர் டிராப்பியர் வந்தார். பொல்லாத பையனில்லை, கால்சட்டைதான் கொஞ்சம் இறுக்கம். அவர் வந்த நேரம் கடல் பொங்கி ஏறும் நேரம், தெருவில் கணுக்கால் அளவுக்குக் கடல் தண்ணீர். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர், மூச்சு வாங்கியபடியே, விளம்பரத்தில் 'கடலுக்கு மிக அருகில்' என்று போடலாமா என்று யோசித்தார். பழைய நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவர் பிரிந்துவிடாமல் இருக்க முடுக்கிவைத்த இரும்புத் தகடுகளைத் தடவித் தடவி அழகு அழகு என்றார். சாய்ந்த தரைக்கும் ஒழுகும் கூரைக்கும்கூட நல்ல பெயராக வைத்திருந்தார். அவர் சொன்ன விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. நம் தெருவில் பாதி வீடு இப்படித்தான் கைமாறிவிட்டது, வெர்டெல். சனிக்கிழமையானால் கல்யாணப் பெண்ணும் அவள் தோழிகளுமாகக் கும்பல் கும்பலாக வந்து தங்கி, கூச்சல் போட்டுவிட்டுப் போகிறார்கள். குதிரை வண்டியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி வருகிறவன் நம் வீட்டைக் காட்டி வாரத்துக்கு ஒரு கதை சொல்கிறான். போன வாரம் ஒரு கடற்கொள்ளைக்காரனை இங்கே குடிவைத்தான். நான் கையசைத்தேன், வண்டியிலிருந்தவர்கள் கொள்ளைக்காரனின் பேரனாக்கும் என்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் விற்கத்தான் இருந்தேன். அதற்குக் காரணம் நீயில்லை, ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே. காரணம் ஹெய்டி. பக்கத்து வீட்டு மிஸஸ் ப்ரேலோ மகனோடு சம்மர்வில்லுக்குப் போய்விட்டதும், அந்த வீட்டை ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு விற்றதும் உனக்குத் தெரியும். அந்தத் தம்பதியில் மனைவிதான் ஹெய்டி. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை. மேசையைக் கொண்டுபோய் எங்கே போட்டாள் தெரியுமா, வடக்கு ஜன்னலில். உனக்கு விளக்க வேண்டியதில்லை, மாப்பிள்ளைக்குப் படித்துக்காட்டுவாய் என்பதால் எழுதுகிறேன். நம் ஊர் வீடுகள் தெருவுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பவை. ஒரு வீட்டின் வடக்கு ஜன்னலில் நின்றால் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் உள்ளங்கை மாதிரி தெரியும். அதனால் வடக்கு ஜன்னலில் நின்று யாரும் பார்ப்பதில்லை. இது சட்டமில்லை, மரியாதை. மிஸஸ் ப்ரேலோ இருந்த காலமெல்லாம் அந்த ஜன்னல் வெள்ளைத் திரையோடு கண்மூடியே இருந்தது. நான் பனியனோடு உட்கார்ந்து சோளக் கஞ்சியும் இறாலும் சாப்பிட்டிருக்கிறேன், இடி முழங்கப் பாடியிருக்கிறேன், ஒரு முறை கூட அந்தத் திரை அசைந்ததில்லை.

இவள் வந்த மறுநாளே ஜன்னலை மேலே தூக்கிவிட்டுக் கையை ஆட்டி, "குட் மார்னிங் லூசியஸ், இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்றாள். வெறும் லூசியஸ். ஊரே என்னை மிஸ்டர் மஸீக் என்கிறது, பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியார் என்று இன்றைக்கும் தொப்பியைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், இவளுக்கு நான் லூசியஸ். அதோடு விட்டாளா, "நேத்து சரியாத் தூங்கலயா, முகம் வாடியிருக்கே" என்பாள், "மருந்து போட்டாச்சா?" என்பாள். உன்னைப் பெற்றது போதாதென்று ஜன்னலிலும் ஒரு மகளா என்று நொந்துகொண்டேன். ஒரு நாள், "அந்த ஆடுற நாற்காலில யாருமே உக்காரலயே, அது யாருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அது உன் அம்மாவுடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும். ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பனியன்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கே போய், எங்கள் ஊரில் வடக்கு ஜன்னல் வழியாக அடுத்த வீட்டைப் பார்க்கிறவர்களை வளர்ப்புச் சரியில்லாதவர்கள் என்போம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அவள் முகம் சிவந்துபோயிற்று. "மன்னிச்சிடுங்க மிஸ்டர் மஸீக்" என்றாள், அவ்வளவுதான். சாயங்காலம் ஜன்னலில் கம்பளம் மாதிரி கனத்த திரை தொங்கியது. மன்னிப்புக் கேட்டு, அவள் கையால் சுட்ட ஆப்பிள் பை ஒன்றும் வந்தது. ருசி சுமார்தான், முழுவதையும் சாப்பிட்டேன்.

ஜெயித்தவன் போல நான்கு நாள் பனியனோடு காலை நீட்டி உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் காபிக் கோப்பை கைதவறி விழுந்து உடைந்தது. என்ன ஆச்சு என்று கேட்க ஒருவருமில்லை. அன்றைக்கு எனக்கு மனம் விட்டுப்போயிற்று, மகளே. நீ சொல்வது சரிதான், இங்கே எனக்கு யாருமில்லை என்று தோன்றியது. டிராப்பியருக்குப் போன் செய்து பத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்றேன். தெருவில் தண்ணீர் வடியக்கூடக் காத்திராமல் கொண்டுவந்து கொடுத்தார். மேசைமேல் பத்திரமும் அதன்மேல் பேனாவுமாக இரண்டு நாள் கிடந்தது.

போன ஞாயிறு ஆலயத்தின் ஆண்டு விழாவுக்கு மிஸஸ் ப்ரேலோவை மகன் அழைத்து வந்திருந்தான். ஆராதனை முடிந்ததும் நம் தெருக்கதவு திறந்திருப்பதைப் பார்த்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தம்மா உள்ளே வந்துவிட்டார். ஐஸ் டீ கொடுத்து, எள்ளு பிஸ்கட் வைத்து, ஹெய்டியைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினேன். நீங்கள் இருந்தவரை ஒரு நாளாவது அந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததுண்டா, அதுவல்லவா வளர்ப்பு என்றேன். அந்தம்மா டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பார், தொப்பி சரிந்துபோயிற்று. "யாரு பாக்கலன்னது?" என்றார். "தினமும்தான் பாத்தேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்பெல்லாம் வெண்டைக்காய் சூப்பு கரெக்டா வந்துச்சே, எப்படின்னு நினைச்சீங்க?" நான் ஆண்டவர் கிருபை என்றல்லவா நினைத்திருந்தேன், அதையே சொன்னேன். "ஆண்டவருக்குச் சொன்னதே நான்தான்" என்றார். "பாக்குறது தப்பில்ல மிஸ்டர் மஸீக். பாத்ததை வாய விட்டுச் சொல்லாம இருக்கோமே, அதுதான் மரியாதை."

(வெர்டெல், அடுத்த நாலு வரியை மாப்பிள்ளைக்கு வாசிக்காதே.) பேச்சு அப்படியே உன் பக்கம் திரும்பியது. ஞாயிறு மதியம் நானும் அம்மாவும் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் ஒரு டிரம்பெட் பையன் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு நம் தாழ்வாரத்துக்கு வருவானே. என் பேண்டில் முதல் வரிசையில் நின்றவன். பயிற்சிக்கு வந்தவன் ஒரு ஊதல்கூட ஊதாமல் போனது ஏன் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். மிஸஸ் ப்ரேலோவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, காதும் காதும் வைத்தாற்போல் இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அதற்கப்புறம் அந்தம்மா சிரிக்கவில்லை. உன் அம்மாவின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மகன் என்னை எப்பவோ வந்துடச் சொன்னான். மாடிப்படி ஏற முடியாமத்தான் கிடந்தேன். ஆனா உங்க எர்னஸ்டைன் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி, அந்த ஜன்னல விட்டுடாதீங்கன்னு கையப் புடிச்சுக் கேட்டுச்சு. இவரு எதையும் கேக்க மாட்டாரு, நீங்கதான் பாத்துக்கணும்னு சொல்லுச்சு. அதுக்காகத்தான் அத்தனை நாள் அங்க இருந்தேன்." நான் எழுந்து கைப்பிடிச் சுவரருகே போய் நின்றுகொண்டேன். அழுதேன், ஒளிப்பானேன். உன் அம்மா போனபின் நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்த ஒவ்வொரு காலையிலும் அந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஒருவர் வலிக்கிற காலோடு நின்றிருக்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கடைசியாக ஒன்று சொன்னார். "வீட்ட விக்கும்போது அதிக விலைக்கு ரெண்டு பேரு கேட்டாங்க, வாடகைக்கு விடுறவங்க. கொடுக்கல. இந்தப் பொண்ணுகிட்ட ஒரே ஒரு வாக்குதான் வாங்கினேன், வடக்கு ஜன்னல்ல ஒரு கண்ணு இருக்கணும்னு. பாக்கத்தான் சொன்னேன். கையாட்டச் சொன்னேனா?"

யோசித்துப் பார், நான் அத்தனை திட்டியபோது ஹெய்டி இதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளர்ப்பைப் பற்றிப் பாடம் நடத்தப் போனவன் நான்.

மறுநாள் தக்காளி போட்டுச் சிவப்புச் சோறு ஆக்கி, தொத்திறைச்சியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு, எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்ததென்னவோ, "இருட்டுல உக்காந்து வேலை பாத்தா கண்ணு கெட்டுப்போகும்மா" என்பதுதான். அவள் புரிந்துகொண்டாள். "திரைய எடுத்துடவா மிஸ்டர் மஸீக்?" என்றாள். ஓரமாகக் கொஞ்சம் விலகியிருந்தால் போதும் என்றேன். கையாட்ட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன். அந்த நாற்காலி யாருடையது என்பதையும் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து உன் அம்மாவைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தின் தாள் எவ்வளவு கனமாக, வழுவழுப்பாக இருக்கிறது என்று கவனித்தாயா? டிராப்பியர் கொண்டுவந்த பத்திரம்தான், பின்பக்கம் சும்மா கிடந்தது. கடைசித் தாளைத் திருப்பிப் பார், நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கும். அந்தப் பையனிடம் பேசிவிட்டேன், வருத்தம்தான், ஒரு தட்டு சோறு கொடுத்து அனுப்பினேன்.

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் குழந்தைகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல அண்டை வீட்டாரும் தரட்டும். பனியில் வண்டியை மெல்ல ஓட்டு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒன்று மறந்துவிடாதே, எனக்கு நல்ல பருத்திச் சட்டையாக இரண்டு வாங்கி வா. இப்போதெல்லாம் காலையில் தாழ்வாரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருகிறேன்.

உன் அன்பு அப்பா,
லூசியஸ் மஸீக்