காணியை விட்டு வராதவர்

பலேர்மோ,
12.02.1995

அன்பின் அத்தானுக்கு,

நான் சுகம். உங்களையும் எங்கள் மகள் மொனிகாவையும் மடுமாதா காக்கட்டும். கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வயதானவரைப் பராமரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. போலந்துக்காரர், பெயர் ஸ்தனிஸ்லாவ். ஒரு காலத்தில் பெரிய பண்ணையும் மாளிகையும் வைத்திருந்தவராம். உலகப் போரில் நாட்டுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டே இத்தாலிவரை வந்தவர். இன்றுவரை இத்தாலியக் குடியுரிமை எடுக்க மறுக்கிறார். என் சூப்பில் போட்ட கிழங்கு தன் தோட்டத்துக் கிழங்கு போல இல்லையென்று தினமும் குறை.

இங்கே தங்குவதற்கான அனுமதி, என் பெர்மெஸ்ஸோ, வந்துவிட்டது. இனி உங்களைக் கூப்பிடலாம். பிள்ளையோடு கொழும்புக்கு வெளிக்கிடுங்கள்.

உங்கள் அன்புள்ள
அகஸ்ரீனா

இளவாலை,
03.05.1995

அன்பின் அகஸ்ரீனாவுக்கு,

உன் கடிதம் ஊரெல்லாம் சுற்றி இப்போதுதான் வந்தது. மொனிகா நன்றாகப் படிக்கிறாள். வெங்காயம் நல்ல விளைச்சல்.

அந்தப் போலந்துக்காரரை நினைக்கப் பெருமையாக இருக்கிறது. தன் நாட்டை விட்டுக்கொடுக்காத அவரல்லவா மனிதர். காணி உள்ளவனே ஓடினால் ஊரில் யார் மிஞ்சுவது? நான் வரமாட்டேன். மொனிகாவும் இங்கேதான் வளர வேண்டும். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

பெனடிக்ற்

பலேர்மோ,
20.08.1995

அன்பின் அத்தானுக்கு,

வணக்கத்தைச் சொன்னேன். ஸ்தனிஸ்லாவ் ஐயா கரண்டியை மேசையில் அடித்தார். "அவனிட்டைச் சொல்லு. என்ரை மனுசியும் போவம் எண்டுதான் கெஞ்சினவள். காணிக்காரன் ஓடக்கூடாது எண்டு நான்தான் மறிச்சனான்."

பிறகு அவர் படையோடு எல்லை கடந்துவிட்டார். மாளிகையில் இருந்த மனைவியை ரஷ்யர்கள் பிடித்துத் தங்கள் பனிநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எங்கே புதைத்தார்களென்றே தெரியாது. அந்த மாளிகையும் இப்போது போலந்தில் இல்லை. எல்லையை மாற்றியபோது வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், பிள்ளையையாவது அனுப்புங்கள்.

அகஸ்ரீனா

சாவகச்சேரி,
08.11.1995

அன்பின் அகஸ்ரீனாவுக்கு,

இராணுவம் வருகிறதென்று ஊரே ஒன்றாக எழும்பி நடந்தது. மழை, சனம், கையில் ஒரு பையும் மொனிகாவும்தான். இப்போது பள்ளிக்கூடமொன்றில் இருக்கிறோம். வீட்டில் குண்டு விழுந்ததாகச் சொல்கிறார்கள். இனி அங்கே எனக்கு ஒன்றுமில்லை. எங்களைக் கூப்பிடு, வருகிறோம்.

உன் பெனடிக்ற்

பலேர்மோ,
27.12.1995

பெனடிக்ற்றுக்கு,

உங்கள் கடிதம் நத்தார் பண்டிகைக்கு முதல் நாள் வந்தது. அன்று மேசையில் ஒரு தட்டைக் கூடுதலாக வைக்கச் சொன்னார் ஐயா. எதிர்பாராமல் வருகிறவருக்காக வைப்பது அவர்கள் வழக்கமாம். நான் எப்போதும் சாப்பிடுவது சமைக்கும் குசினியில்தான். அன்று போய் அந்தத் தட்டின் முன் இருந்தேன். ஐயா சூப்பை என் பக்கம் தள்ளிவிட்டார்.

மொனிகாவை மட்டும் கூப்பிடுகிறேன். கொழும்பில் எமிலியானா அக்கா அவளைப் பொறுப்பெடுப்பா. நீங்கள் வர வேண்டாம். நான் கூப்பிட்டபோது உங்களுக்குக் காணி இருந்தது. காணி போன பிறகுதான் என் நினைவு வந்திருக்கிறது. எனக்கு அது வேண்டாம்.

மொனிகாவின் அம்மா