கலாபாவின் பாய்

கலாபா ஊர்
18 ஏப்ரல் 1971

கர்த்தருக்குள் பிரியமான போதகர் சைலஸ் அவர்களுக்கு,

மேலே உள்ள வரி, உன் வட்டாரக் குழுக்காரர்கள் யாராவது பிரித்துப் படித்தால் இருக்கட்டும் என்று எழுதியது. இனி நீ ஆடு, நான் சிறுத்தை.

அடே ஆடே, காசாமா நகரத்துக்கு மாற்றலாகிப் போனதும் கொழுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷம்தான், கடிக்க வசதி. உன் அம்மா ஆட்டுக் குலத்தில் பிறந்தாள், என் அம்மா சிறுத்தைக் குலத்தில் பிறந்தாள். இந்த இரண்டு குலத்தாரும் ஒருவரையொருவர் வைதுகொள்வது வழக்கம், நான் என்ன வைதாலும் நீ கோபித்துக்கொள்ள முடியாது. வேதாகமப் பள்ளியில் நாம் வைதுகொள்வதைப் பார்த்துவிட்டு, நிஜச் சண்டை என்று பயந்து நம் இருவருக்கும் நடுவில் வந்து ஜெபம் செய்தாரே வெள்ளைக்கார ஆசிரியர், அவரை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

இங்கே கோவில் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வெளியே பாய் போட்டு உட்காருகிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஓடம் பிடித்து வருகிறார்கள். பாடகர் குழு பாடினால் கூரைப் புல் உதிர்கிறது. கேழ்வரகு அறுவடை நல்லபடி முடிந்தது. வீட்டில் லியா உனக்கென்று நிலக்கடலை எடுத்து வைத்திருக்கிறாள், நீதான் வருவதாகக் காணோம்.

என் தாய்மாமா கலாபாவுக்கு உடம்பு சரியில்லை, காலெல்லாம் வீங்கியிருக்கிறது. ஊருக்குத் தலைவர், ஊரின் பெயரே அவர் பெயர்தான், இன்றுவரை கோவிலுக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் ஞாயிறு காலையில் தன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, வயலுக்குப் போகிறவனையெல்லாம் "எங்கடா போற? என் மருமகன் பேசுறான், போய்க் கேளு" என்று திருப்பிவிடுகிறார். அவருக்காக ஜெபம் செய்.

உன் சிறுத்தை,
ஏனோக்

காசாமா
2 மே 1971

அன்புள்ள கிழட்டுச் சிறுத்தைக்கு,

பல் இருக்கிறதா இன்னும்? இருந்தால் கெட்டியாகக் கடித்துப் பிடித்துக்கொள், ஒரு செய்தி சொல்லப்போகிறேன். ஆகஸ்ட் மாதம் உனக்குக் குருப்பட்டம் கொடுக்க வட்டாரக் குழு சம்மதித்துவிட்டது. உன் ஊரைப் போல வளர்ந்த சபை இந்த வட்டாரத்தில் வேறு இல்லை என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. இனி வெறும் உபதேசியார் இல்லை, நீயும் போதகர் ஏனோக் கசோண்டே. லியாவிடம் சொல், புது உடுப்புக்குத் துணி எடுக்கட்டும்.

மாமாவைப் பற்றி எழுதியிருந்தாய். வேதாகமப் பள்ளி விடுமுறையில் அவர் வீட்டில் நான் தின்ற களிக்கும் கருவாட்டுக்கும் கணக்கு உண்டா? தினமும் ஜெபத்தில் வைக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இறந்தவர் பெயரை ஏற்று, அவராகவே ஆகிவிடப் பாயில் உட்காருகிறவன் சபையை விட்டு நீக்கப்படுவான் என்ற விதி உனக்குத் தெரியும். போன வருஷம் அதை எழுதியதே நான்தான். மாமாவுக்கு ஏதாவது ஆனால் ஊர் உன்னைத்தான் பார்க்கும். இப்போதே பெரியவர்களிடம் பேசி வை.

உன் ஆடு,
சைலஸ்

கலாபா ஊர்
6 ஜூன் 1971

சைலஸ்,

மாமா போய்விட்டார்.

கடைசியில் ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன். "பண்ணு. அதுக்கு முன்னாடி என் வில்ல எடுத்துட்டுப் போய் உன் வீட்ல வை" என்றார். எடுத்தால் அவர் இடத்தை ஏற்றதாகிவிடும், நான் எடுக்கவில்லை. ஜெபம் முடியும்வரை கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்ததும் பெரியவர்கள் பெயரை ஏற்கச் சொல்லி என் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். முடியாது என்றேன். எழுந்து போனார்கள், மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். கித்வே செம்புச் சுரங்கத்தில் வேலைக்கு இருக்கும் என் சித்தி மகன் பொனிஃபாஸுக்கு ஆள் அனுப்பினோம். வில்லும் வேண்டாம் ஊரும் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டான். எங்கள் அம்மா வழியில் வேறு ஆண்பிள்ளை கிடையாது. பெயர் ஏற்க ஆளில்லை என்றால் கலாபா என்ற ஊரே கிடையாது, ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போக வேண்டியதுதான் என்று சுற்று ஊர்களுக்கெல்லாம் மேலான பெரிய தலைவரிடமிருந்து வந்த ஆளும் சொல்லிவிட்டுப் போனான்.

மாமாவின் மனைவி மும்பி மாமியைத்தான் பார்க்க மனம் தாங்கவில்லை. மாமாவின் பெயரை ஒருவன் ஏற்று, அந்தப் பெயரோடு அவள் மணிக்கட்டில் வெள்ளைப் பாசிமணி கட்டி விடுவிக்கும்வரை அவள் செத்தவருக்கே மனைவி. தலை வாரக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, வயலில் இறங்கக் கூடாது. வீட்டுப் பின்பக்கச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் கிண்ணத்தை எட்ட வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இன்று கோவிலில் பாதிப் பேர்கூட இல்லை. நான் முதன்முதலில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்திய பெரியவர் முசோண்டாவையே காணவில்லை. திரும்பும் வழியில் பிடித்துக் கேட்டேன். "நாங்க கலாபாவோட மருமகன் பின்னாடி வந்தோம். நாளைக்குத் தலைவனா இருக்கப்போறவன் எங்க உட்காருறானோ அங்கதானே நாங்களும் உட்காரணும்? நீதான் மாட்டேன்னுட்டியே. இப்ப நீ யாரு?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் பிரசங்கத்தால் வளர்ந்த சபை என்று குழுவில் பேசிக்கொண்டீர்களே, சைலஸ், அது மாமா வாசலில் உட்கார்ந்து அனுப்பிய சபை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

ஏனோக்

காசாமா
20 ஜூன் 1971

அன்புள்ள ஏனோக்,

கடிதத்தைப் படித்துவிட்டு மாமாவை நினைத்து அழுதேன். அடக்கத்துக்கு வராமல் போனேனே என்ற வருத்தம் எனக்குப் போகாது.

நீ மாட்டேன் என்றது சரி. அதில் நில். ஆட்கள் குறைந்தால் குறையட்டும், உன் பின்னால் வந்தவர்கள் போகட்டும், கர்த்தருக்காக வந்தவர்கள் இருப்பார்கள். பத்துப் பேர் இருந்தாலும் அது சபைதான். ஆகஸ்டில் நீ போதகரானதும் ஊர் உன்னை வேறு கண்ணால் பார்க்கும்.

மாமியின் கஷ்டத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வெள்ளை மணி கட்டுவதில் பாவம் ஒன்றும் இல்லை. பெயரை ஏற்பதைத்தான் சபை விலக்குகிறது. நீ உபதேசியாராகவே நின்று, கோவிலில், எல்லார் முன்னாலும் கர்த்தரின் நாமத்தில் அவளுக்கு மணியைக் கட்டி விடுவித்துவிடு. ஜனங்களுக்கும் அது ஒரு சாட்சியாக இருக்கும். லியாவைத் திடமாக இருக்கச் சொல்.

சைலஸ்

கலாபா ஊர்
11 ஜூலை 1971

சைலஸ்,

நீ சொன்னபடி செய்தேன்.

மாமியைக் கோவிலுக்கு அழைத்துவந்து, பெண்கள் சுற்றி நின்று பாட, கர்த்தரின் நாமத்தில் மணியைக் கட்டினேன். மரியாதையாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். ஜெபம் முடிந்ததும் அந்த மணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் ஜெபம் பண்ணின. ஆனா இதக் கட்டினது யாரு? கலாபா கட்டினா நான் போகலாம். நீ ஏனோக். ஏனோக் என்னப் புடிச்சு வெக்கவே இல்லையே, ஏனோக் எப்படி விடுவான்?" என்றாள்.

அப்படியும் என் மனம் நோகக் கூடாது என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு அண்ணன்மார் ஊருக்கு நடந்து போனாள். அவர்கள் வாசலிலேயே நிறுத்தி, கலாபா விட்டாரா என்று ஒரே கேள்வி கேட்டார்களாம். உபதேசியார் விட்டார் என்றிருக்கிறாள். தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் அதே சுவரோடு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது கிண்ணம் வைக்கிறவர்கள் இன்னும் எட்ட வைக்கிறார்கள்.

லியாவுக்கு முதலில் பயம், எங்கே மாமியை நான் மனைவியாகவும் ஏற்க வேண்டி வருமோ என்று. நேற்று அவளே பேச்சை எடுத்தாள். "மணி கட்டுறதோட முடியும்னா நான் வாய் திறக்க மாட்டேன். நம்ம வீட்ல அவளுக்கும் பாய் விரிக்கிற பேச்சு வந்தா எங்கம்மா ஊருக்கு எனக்கு வழி தெரியும். ஆனா ஒண்ணு சொல்லுங்க, அந்தப் பொம்பள எத்தன வருஷம் அங்கயே உட்காரணும்? அதயும் உங்க விதியில எழுதியிருக்கா?"

நான் உட்காரப்போகிறேன், சைலஸ். பெயரை ஏற்பேன், வில்லை வாங்குவேன், மணி கட்டி மாமியை விடுவேன். அதோடு சரி. முன்னோர் குடிசையில் அவர்களுக்குப் படையலாக மாவு தூவ மாட்டேன் என்று பெரியவர்களிடம் சொன்னேன். முசோண்டா தலையாட்டி, "அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' எப்போது வருமோ. இந்தப் பக்கம் போனாலும் அடைப்பு, அந்தப் பக்கம் போனாலும் அடைப்பு. வலைக்குள் போன மீனும் கொஞ்ச நேரம் நீந்திக்கொண்டுதானே இருக்கும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சிறுத்தையைக் கைபிடித்துப் பாயில் உட்காரவைக்க ஆடுதான் வேண்டும். இங்கே யாரும் ஆட்டுக் குலத்தார் இல்லை. மாமாவும் சாவதற்கு முன் உன் பெயரைத்தான் சொன்னார். போதகராக வராதே. ஆடாக வா. வந்து என்னை நாலு வார்த்தை வைது உட்காரவைத்துவிட்டுப் போ. ஆகஸ்ட் முதல் வாரம்வரை பார்ப்பேன்.

ஏனோக்

காசாமா
25 ஜூலை 1971

உபதேசியார் ஏனோக் கசோண்டே அவர்களுக்கு,

பெயர் ஏற்கும் சடங்குக்கு நீங்கள் உட்படும் நாளிலிருந்து உங்கள் உபதேசியார் பணியும், திருவிருந்தில் பங்குபெறும் உரிமையும், குருப்பட்டத்துக்கான பரிந்துரையும் நிறுத்தப்படும் என வட்டாரக் குழு தீர்மானித்துள்ளது. சடங்கை நடத்திவைக்கும் சபையாருக்கும் இது பொருந்தும்.

சை. முத்தாலே
வட்டாரப் போதகர்

ஏனோக், மேலே இருப்பது தட்டச்சு செய்தது. இது என் கை.

விதியைத் தளர்த்துங்கள் என்று குழுவில் கேட்டேன். கேட்காமல் விட்டேன் என்று நினைத்துவிடாதே. போன வருஷம் ஆற்றங்கரை ஊரில் ஒரு கிழவரை இதே விதிப்படி நீக்கினோமே, அவர் உங்கள் காலடியில் உட்கார்ந்து அழுதபோது உங்கள் மனம் இளகவில்லையே என்று ஒருவர் கேட்டார். சிநேகிதனுக்கு ஒரு கதவு, கிழவருக்கு ஒரு கதவு என்று என்னால் வைக்க முடியாது. வைத்தால் அந்தக் கிழவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

நான் வரமாட்டேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் வராவிட்டால் உன்னைப் பாயில் உட்காரவைக்க ஆளில்லை. அதனால்தான் வரமாட்டேன். உன்னை இழக்காமல் இருக்க எனக்கு இருக்கும் ஒரே வழி இதுதான். என்னைத் திட்டு, வேண்டிய மட்டும் திட்டு, ஆனால் ஆகஸ்டில் குருப்பட்டத்துக்கு வந்து நில். உன் உடுப்பை என் மனைவி தைத்து வைத்திருக்கிறாள்.

சைலஸ்

கலாபா ஊர்
22 ஆகஸ்ட் 1971

மதிப்புக்குரிய போதகர் சைலஸ் முத்தாலே அவர்களுக்கு,

ஊர்த்தலைவர் கலாபா எழுதுவது. உங்கள் கடிதம் என் மருமகன் ஏனோக் பெயருக்கு வந்திருந்தது. அவன் அதைப் படித்தான்.

குறித்த நாளில் பாயை விரித்துவிட்டு எல்லாரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியது. ஆடு இல்லாமல் ஆகாது, கலைந்துபோகலாம் என்று பேச்சு எழுந்தபோது, பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் பெலித்தா எழுந்துவந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். "எங்கம்மா ஆட்டுக் குலம். கோவில்ல யாரும் குலம் கேக்கல, நானும் சொல்லல" என்றாள். ஏனோக் கேட்டதே இல்லை. கோவிலில் குலம் பேசக் கூடாது என்பது அவன் கொள்கை. சபையில் உன் இடம் போய்விடுமே என்று அவளிடம் சொன்னேன். "தெரிஞ்சுதான் எழுந்தேன்" என்றாள். என்னைக் கைபிடித்து உட்காரவைத்தாள், வில்லைக் கொடுத்தாள், முகத்தில் மாவை அப்பி நன்றாக ஒரு வசவு வைதாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வசவு நீங்கள் வைதிருக்க வேண்டியது.

மும்பியின் மணிக்கட்டில் மணி கட்டினேன். அப்போதே தலையை வாரிக்கொண்டு, வெயிலோடு அண்ணன்மார் ஊருக்குப் புறப்பட்டாள். இந்த முறை அவர்கள் பாதிவழிக்கு வந்து அழைத்துப் போனார்களாம்.

சில நாள் கழித்து முசோண்டா மாவுக் கூடையோடு வாசலில் வந்து நின்றார். கூடையைக் கையில் வாங்கினேன். அதற்கு மேல் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

கோவில் முன்போல நிறைகிறது. பாடுகிறார்கள், பிறகு பேச ஆளில்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் உபதேசியாரை அனுப்பிவையுங்கள். செங்கல்லில் கோவில் கட்ட மேட்டு நிலத்தைத் தருகிறேன். பெலித்தாவைப் பாடவிடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

சபைக்குச் சொந்தமான சைக்கிளையும் புத்தகப் பெட்டியையும் இதைக் கொண்டுவருகிறவரிடம் கொடுத்திருக்கிறேன். உடுப்பை வேறு யாருக்காவது அளவு குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள்மேல் ஏனோக்குக்குக் கோபம் இல்லை. தனக்கு வாய்த்த ஒரே சிநேகிதன் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம். வாங்க ஆள் இல்லை. லியா மட்டும் மறதியாக வீட்டுக்குள்ளிருந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறாள். யாரும் பதில் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளே வெளியே வந்து என்னைச் சாப்பிட அழைக்கிறாள்.

இப்படிக்கு,
கலாபா