நாற்பத்தொன்றாம் மாணவிக்குப் பத்துக்கு ஆறு

அன்பு மகளுக்கு, அம்மா. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் வலது கைக் கட்டைவிரலைத் தவிர. துணிக்கடையில் ஷோகேஸ் பொம்மையைத் திருப்பும்போது குண்டூசி ஏறிவிட்டது. நான் சொல்லச் சொல்லத் தம்பிதான் எழுதுகிறான், அடைப்புக்குறிக்குள் வருவது அவனுடைய வால்தனம், அதற்கு நான் பொறுப்பில்லை. (அக்கா, சௌக்கியம் என்று சொன்னபோது அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.)

கடை அலங்காரம் படிக்கும் பிள்ளைகளுக்காக நீ கம்ப்யூட்டருக்குள் கட்டிய கண்காட்சியைத் தம்பி போனில் காட்டினான். எட்டுக் கூடம், கூடத்துக்கு ஐந்து ஷோகேஸ், விரலால் தள்ளினால் நாமே தெருவில் நடக்கிற மாதிரி இருக்கிறது. மெய்நிகர் என்கிறார்களாமே. (மெய்யாகவே அம்மாவுக்கு நிகரா என்பதுதான் வீட்டில் வழக்கு.) ஊர் உலகத்துக் கடையெல்லாம் இருக்கிறது, இருபத்திரண்டு வருஷமாக நான் அலங்கரிக்கும் ஷோகேஸ் மட்டும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துதானே வீட்டுப்பாடம் எழுதினாய்? வயிறு எரிந்தது, மறைப்பானேன். உன் கண்காட்சியில் பொம்மைக்கு முடி கொட்டாது, துணி வெயிலில் வெளுக்காது, முதலாளி வந்து "இன்னும் நாலு சட்டைய மாட்டி விடும்மா" என்று கெடுக்கமாட்டார். அப்படிக் கிடைத்தால் யாருக்குத்தான் கைவராது?

அந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். பிள்ளைகள் அடுக்கிப் பழக ஒரு காலி ஷோகேஸ் வைத்திருந்தாயே, உன் வகுப்பில் நாற்பது பேர் என்பதால் 'மாணவி நாற்பத்தொன்று' என்று பேர் கொடுத்து உள்ளே போய்விட்டேன். மூன்று பொம்மை, ஒரு மழைக்கோட்டு, ஒரு குடை. (தள்ளியது என் விரல், திட்டியது அம்மா.) இரண்டே நாளில் உன் பதில் வந்தது. பத்துக்கு ஆறு. உள்ளே நின்றே அடுக்கியிருக்கிறீர்கள், தெருவைத் தாண்டிப் போய் நின்று பாருங்கள் என்று ஆரம்பித்து ஆறு வரி. "தெருவத் தாண்டிப் போய் நின்னு பாருடி" என்று உனக்கு முதலில் சொன்னது யார்? என் சொல்லை எனக்கே, மரியாதை சேர்த்து, நாலு மார்க் கழித்து அனுப்பியிருக்கிறாய். முகம் தெரியாத மாணவிக்கு ஆறு வரி, பெற்றவளுக்கு வாரம் ஒரு "சாப்டியாம்மா". (எனக்கு வெறும் கட்டைவிரல் படம். அம்மா கட்டைவிரலுக்காவது கட்டுப் போட ஆள் இருக்கிறது.)

நீ சொன்னதைப் பொய்யாக்கத்தான் மறுநாள் தெருவைத் தாண்டினேன். முட்டி வலி வந்ததிலிருந்து, இரண்டு வருஷமாக, தாண்டியதே இல்லை. எதிர் மருந்துக்கடைப் படியில் நின்று என் ஷோகேஸைப் பார்த்தேன். என் மூன்று பொம்மையும் நான் நின்று அடுக்கும் மூலையையே பார்த்துக்கொண்டிருக்கின்றன, தெருவில் போகிறவர்களை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் எனக்கே கடை காட்டியிருக்கிறேன். திரும்பி வந்து மூன்றையும் தெருப்பக்கம் திருப்பினேன், அப்போதுதான் இந்தக் குண்டூசி. ஆறு சரிதான்டி. பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பதாவது கூடம் கட்டினால் மாட்டு, கீழே அம்மா கடை என்று போடு. திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, உன் வீட்டுத் தெருவையும் அவ்வப்போது தாண்டு. எங்கே இருந்தாலும் நிறைவாக இரு, மகளே.

உன் அம்மா,
மாணவி நாற்பத்தொன்று

(அக்கா, அந்த மார்க்கை அச்சடித்து அம்மாவின் ஊசிப்பெட்டி மூடியில் தலைகீழாக ஒட்டினேன், 6 அழகாக 9 ஆகிவிட்டது. அம்மா உரித்தெடுத்து, நேராக, ஆறாகவே ஒட்டிக்கொண்டாள்.)