ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

"என்னங்க, களி கிண்டி வெச்சிருக்கேன். கீரை அடுப்பு மேல இருக்குது. வூட்டுச் சாவி மாடத்துல. நேத்து மாதிரி சாப்புடாம கெடக்காதீங்க."

இவ்வளவும் எழுதிவிட்டுத் தீர்த்தம்மாள் பென்சிலை நிறுத்தினாள். கணவன் பச்சியப்பன் நேற்று மாலையிலிருந்து அவளிடம் பேசவில்லை.

செத்துப்போன மகள் அலமேலு வைத்த மாமரம் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. அதற்கு முன்பே, பயிற்சியில் கற்றபடி, அதன் கிளை ஒன்றைத் தொட்டியிலிருந்த நாட்டு மாங்கன்றோடு சேர்த்துத் தீர்த்தம்மாள் ஒட்டுக் கட்டியிருந்தாள். மிச்சம் அந்தத் தொட்டிச் செடிதான். ஆனால் மகளுடைய கிளை வாடியது. ஒட்டுக்குக் கீழே நாட்டுக் கன்றுதான் துளிர்த்தது. கிளை பிழைக்கட்டும் என்று நேற்று அந்தத் துளிரைக் கிள்ளப் போனாள். பச்சியப்பன் கையைத் தட்டிவிட்டான்.

"எம்புள்ள இப்பத்தான் துளுக்கறா. கிள்ள ஒனக்கு எப்படிக் கை வருது?"

இன்று விடிந்ததும் கிளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பட்டைக்குள் துளிகூடப் பச்சை இல்லை.

சித்தேரிப் பெண்களுக்கு ஒட்டுக் கட்டச் சொல்லிக்கொடுக்க இப்போது கிளம்ப வேண்டும். சம்பளமில்லாத வேலைதான், வருகிறேன் என்று அவளே ஒப்புக்கொண்டது. கீழ்த் துளிரைக் கிள்ளிவிடுங்கள் என்று அங்கே சொல்லியாக வேண்டும்.

"அது நம்ம அலமேலு இல்லீங்க" என்று எழுதினாள். எச்சில் தொட்டு அழித்தாள். பிறகு சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"புள்ளைக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்துங்க. ஆடு வாய் வெச்சிடாம பாத்துக்குங்க."