ஞானத்தகப்பன் ஜீப்பும் நீ எழுதிக்கொடுத்த நாலு வரியும்

சேசு மரி சூசை

தூத்துக்குடி
24-7-1974

அன்பு மகன் கிளாட்வினுக்கு அம்மா எழுதுவது. பனிமய மாதா புண்ணியத்தில் இங்கே நானும், அவள் அம்மா வீட்டில் உன் மனைவி ஹில்டாவும் பிள்ளையும் சுகம். வால்பாறை எஸ்டேட் வேலையில் மழையிலும் குளிரிலும் கிடக்கிற உனக்கும் ஒரு குறை வராமல் மாதா காக்க வேண்டும். பிள்ளைக்கு நாலாம் மாதம் நடக்கிறது, குப்புற விழுந்துவிட்டாள், விழுந்தபின் நிமிரத் தெரியாமல் கத்தித் தெருவையே கூட்டுகிறாள், குரல் அப்படியே உன் குரல். சுகச் செய்தி இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கோபத்தில் எழுதுவது, நடந்துகொண்டே படிக்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்து படி.

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க என்னைக் கேள்வி கேட்டிருக்கிறாய். அம்புரோஸ் கும்பாதிரியை அவர் வீட்டு வளவில் வைத்தே அவமானப்படுத்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது, என்னை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திப் பிடித்த ஞானத்தகப்பன் கொடுக்கிற ஜீப்பைக் குனிந்து பார்ப்பார்களா, இனி அவர் முகத்தில் எப்படி முழிப்பேன், வண்டி விஷயம் பெண்பிள்ளைகளுக்கு எதற்கு என்று. அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். ஏலே, நீ சோறு தின்று வளர்ந்தது எந்த வீட்டில்? உன் அப்பா ரோச் மேஸ்திரி பீச் ரோட்டு ஒர்க் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார், அத்தனை வருஷமும் பக்கத்தில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார், எந்த ஸ்பேனர் என்று அவர் வாயைத் திறக்கும் முன்னே எடுத்துக் கொடுத்தது யார்? பிள்ளை படித்து ஆளாகட்டும் என்று உன் கையில் கிரீஸ் படாமல் வளர்த்தோம் பார், அதுதான் நாங்கள் செய்த தப்பு. உனக்கு வண்டி என்றால் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிப்பது, அவ்வளவுதான்.

உனக்கு வண்டி வேண்டாம் என்று நான் எப்போதாவது சொன்னேனா? எஸ்டேட் ஜீப் மானேஜர் வீட்டு நாய்க்குக் கிடைக்கும் எங்களுக்குக் கிடைக்காது, பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் என்றால் பொள்ளாச்சிக்கு இறங்க வழியில்லை என்று நீ எழுதியபோது நானே மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றி வேண்டிக்கொண்டேன். வாங்கு, வேண்டாம் என்று யார் சொன்னார்கள். ஆனால் ஞானத்தகப்பன் தன் ஜீப்பைத் தருகிறார், மாதா திருவிழாவுக்கு வந்து அதிலேயே ஹில்டாவையும் பிள்ளையையும் மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று ஜூன் மாதம் எழுதினாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அந்த வண்டியை எனக்குத் தெரியும். கடைசி முத்துக்குளிப்பு நடந்த வருஷம் வாங்கினார். அன்றிலிருந்து அது கரையில் வள்ளம் இழுத்த வண்டி, பின் சக்கரம் இரண்டும் கடல் தண்ணீரில் நிற்கும், மற்ற நாளில் உப்பளத்துக்கு மூட்டை ஏற்றும். பதின்மூன்று வருஷம் உப்புத் தண்ணீர் குடித்த இரும்பு என்ன ஆகும் என்று இந்த ஊரில் பிறந்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா? இருந்தும் இரண்டு வாரம் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளையின் ஞானத்தகப்பனோடு வருகிற கும்பாதிரி உறவு கூடப்பிறந்த உறவை விடப் பெரியது, அவர் கொடுப்பதைப் புரட்டிப் பார்த்தால் அது நம் சாதி சனத்தில் மரியாதைக் குறைவு, எல்லாம் தெரியும். அந்த மரியாதைக்குப் பயந்து இரண்டு வாரம் சும்மா இருந்தேனே என்று இப்போது என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பதினாலாம் தேதி ஞாயிறு, பூசை முடிந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் நேரே அவர் வளவுக்குப் போனேன். வருகிறேன் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தேன், அதுவும் என் புத்திகெட்டத்தனம். வண்டி பச்சைப் பெயிண்டில் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது, கண்ணாடியில் ஜெபமாலை வேறு தொங்கியது. பானெட்டில் கையை வைத்தேன், சுட்டது. காலையிலிருந்து எங்கேயும் போகாத வண்டிக்கு எதற்குச் சூடு? ஆறிக் கிடந்தால் அது ஸ்டார்ட் ஆகிற லட்சணம் தெரிந்துவிடும் என்று எனக்கு முன்னாலேயே ஓட விட்டிருக்கிறார்கள். சரி என்று அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவே இல்லை. ஆறின பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொன்னால் டிரைவர் ஹேண்டில் போட்டு ஏழு தடவை சுற்றினான், பிறகு நீலப் புகையாகக் கக்கியது, ஆயிலை எரித்துத் தின்கிற வண்டி. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன், மூடிக்கு அடியில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். கால் வைக்கிற இடத்தில் ரப்பர் விரிப்பைத் தூக்கினேன், தகரம் அரித்துக் கீழே தரை தெரிந்தது, புது விரிப்பு எதற்கு என்று அப்போது புரிந்தது. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினால் கால் சுற்று வரை சக்கரம் அசையவே இல்லை. பிறகு நானே ஏறி உட்கார்ந்து பீச் ரோட்டில் ஓட்டச் சொன்னேன். அந்த டிரைவர் இரண்டாவது கியரைப் போட்டுவிட்டு முழங்காலால் கியர்க் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறான், பழக்கத்தில் செய்கிறான், அவனுக்கே தெரியவில்லை. காலை எடு என்றேன். எடுத்தான். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறைத்ததும் கியர் துள்ளி வெளியே வந்தது. பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. எறும்பு ஏற ஒரு மேடு இல்லாத ஊர் இது, இங்கேயே இப்படி. ஆழியாறுக்கு நாற்பது வளைவு இறங்குகிற பாதையில் கியர் வெளியே வந்து பிரேக்கும் ஒரு பக்கம் இழுத்தால், ஹில்டா மடியில் பிள்ளை இருக்கும்போது இழுத்தால் என்ன செய்வாய் நீ? பதில் எழுது பார்ப்போம்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை, செலவு செய்தால் சரிப்படுத்திவிடலாம். வளவுக்குத் திரும்பியதும் சாக்கை விரித்துச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். தெருப் பெண்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். வண்டியைத் தாங்கி இரண்டு பக்கமும் ஓடுகிற சேசிஸ் சட்டம் முழுக்கத் துரு. துருவாகவே விட்டிருக்கிறார்கள், ஆனால் வலது பக்கம் பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் புதிதாகத் தார் பூசியிருக்கிறது. கொண்டைஊசியை எடுத்துச் சுரண்டினேன். தாருக்கு அடியில் ஒரு ஒட்டு. நாலு முனையும் சரிவாக வெட்டின பிளேட் வைத்து வெல்டிங் பண்ணின ஒட்டு. அப்படி முனை வெட்டுகிறவர் இந்த ஊரில் ஒருத்தர்தான் இருந்தார், அவரைக் கல்லறையில் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த வெல்டிங் நடந்தபோது விளக்குப் பிடித்தவள் நான். அன்றைக்கு உன் அப்பா சொன்னதும் என் காதில் இருக்கிறது, கும்பாதிரி, சட்டம் ரெண்டா விட்டுப் போச்சு, இந்த ஒட்டு கரையில வள்ளம் இழுக்கத்தான் தாங்கும், ஆள ஏத்திட்டு ரோட்டுக்குக் கொண்டு போயிராதீய என்று. அம்புரோஸ் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து கேட்டேன். முதலில் சிரித்தார், என்ன கும்மாதிரி, மேஸ்திரி போனபெறவு நீங்கதான் மேஸ்திரியா என்று. ஒட்டைச் சொன்னதும், அது எப்பவோ நடந்தது, எனக்கு நெனப்பே இல்ல என்றார். அவர் மறந்திருப்பார் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் மறந்தவர் அவ்வளவு நீளச் சட்டத்தில் அந்த ஒரு சாண் இடத்தைத் தேடிப் போய்த் தார் பூசுவாரா? உங்க மக பிளாரன்ஸையும் பேரனையும் இதுல ஏத்தி மலைக்கு அனுப்புவீயளா என்று கேட்டேன். அவளுக்கு என்ன, அவ புருசன் கார் வச்சிருக்கான் என்றார். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில், இந்த வண்டி எங்களுக்கு வேண்டாம், என் பேத்தி இதில் ஏறமாட்டாள் என்று நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நீ எழுதியிருக்கிற அவமானம் இதுதான். ஹில்டாவிடமும் ஒன்றுவிடாமல் சொன்னேன், அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாமி, அவுக கோவிச்சாலும் சரி, நான் பஸ்லயே போறேன் என்றாள். படிக்காத பெண் என்று நீ அடிக்கடி குத்திக் காட்டுவாயே, அவளுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். திங்கட்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் கேள்விப்பட்டேன், அந்த ஜீப்பைத் திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருக்கிற காசிலிங்கம் அண்ணாச்சி பேசி முடித்துவிட்டாராம், ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு யாத்ரீகர்களை ஏற்றி இறக்க. நேற்றுக் காலை முதல் பஸ் பிடித்துப் போனேன். நல்ல மனுஷர், உட்கார வைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார், நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அம்மா, நீங்க ஏதோ மனஸ்தாபத்துல வந்து பேசுவீயன்னு அம்புரோஸ் அண்ணாச்சி முன்னாடியே சொல்லிட்டாவ, மேஸ்திரி மவனே ஆசப்பட்ட வண்டியில என்ன கொற இருக்கப் போவுது என்று சொல்லிக்கொண்டே மேசை டிராயரைத் திறந்து, அம்புரோஸ் கொடுத்து வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். உன் கையெழுத்து. மரியாதைக்குரிய ஞானத்தகப்பன் அவர்களுக்கு, ஜீப் எனக்குப் பூரண திருப்தி, நான் வந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, தங்கள் வண்டி என் அப்பாவின் கைபட்டு வளர்ந்த வண்டி, இப்படிக்கு ரோச் மேஸ்திரி மகன் கிளாட்வின். நாலு வரி. பார்க்காத வண்டிக்கு, செத்துப்போன உன் அப்பா பேரைப் போட்டு நற்சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறாய். மரியாதைக்கு எழுதினேன் என்பாய், தெரியும். ஆனால் அந்தக் காகிதத்தை அங்கே யாரும் மரியாதை என்று படிக்கவில்லை. ஒட்டுக்கு மேலே தார் பூசினது அவர், தாருக்கு மேலே கையெழுத்துப் போட்டது நீ. கலரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன், பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன். உன் அப்பா இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

காசிலிங்கம் அண்ணாச்சி வீட்டாருக்கு ஆடி மாதம் புதிதாக எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, அதனால் ஆவணி ஒன்றாம் தேதிதான் வண்டியை எடுக்கிறார்கள். அந்த ஒரு வழக்கம்தான் இப்போது நமக்குக் கைகொடுக்கிறது. ஆவணித் திருவிழாக் கூட்டத்தில் ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைப்பார்கள் என்று உனக்குத் தெரியும், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் வேறு. கைப்பிள்ளைக்காரிகள் முடியிறக்க வருகிற இடம் அது. அந்த ஒட்டு விட்டால் பின் சக்கரம் தனியாகப் போய்விடும். நீ எழுதின வரியை அடிக்க என்னால் முடியாது, என் பேச்சுக்கு அங்கே மதிப்பும் இல்லை, நீதான் சொல்ல வேண்டும். நீ நாலாம் தேதி திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்குகிறாய் அல்லவா, அங்கேயிருந்து தூத்துக்குடி பஸ் ஏறாதே. திருச்செந்தூர் பஸ் ஏறு. நேரே லாட்ஜுக்குப் போய்க் காசிலிங்கம் அண்ணாச்சி முன்னால் நின்று, நான் பார்க்காமல் எழுதினேன், என் அம்மா சொன்னது நிஜம் என்று உன் வாயால் சொல். அந்தக் கடிதத்தைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள். ஞானத்தகப்பனுக்கு மனம் நோகும், நோகட்டும். அவர் இனி நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு வராமல் போனால் அந்தப் பழியை நான் சுமக்கிறேன், என் காலம் எத்தனை நாள்.

வேறு வண்டி பார்க்கலாம், நான் உயிரோடு இருக்கும்வரை உனக்கு வண்டியடியில் படுத்துப் பார்க்க ஆள் உண்டு. எஞ்சின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று மட்டும் நீ படித்துச் சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். திருவிழா முடிந்ததும் ஹில்டாவையும் பிள்ளையையும் பஸ்ஸில் நானே மலைக்குக் கொண்டுவந்து விடுகிறேன். மழையில் நனையாதே, தலையைத் துவட்டாமல் படுக்காதே, இரண்டு வேளையும் ஜெபமாலை சொல். மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், நீடூழி வாழ் மகனே. ஒன்றை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். தேர்த் திருவிழா நாள் என்றும் பார்க்கமாட்டேன், தூரத்திலிருந்து வந்த பிள்ளை என்றும் பார்க்கமாட்டேன், அந்தக் கடிதம் உன் கையில் இல்லாமல் வந்து தட்டினால் கதவைத் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஆசீரையும் கோபத்தையும் ஒரே உறையில் அனுப்பும் உன் அம்மா,
ரோச் மேஸ்திரி மனைவி அமலோற்பவம்