பாதி கடித்த பிஸ்கட்

அண்ணி,

இன்று காலை கடைக்கு ஒரு புது பெட்டி வந்தது. டேப்பைக் கிழித்ததும் கருவாடு வறுத்த மாதிரி ஒரு வாசம் எழுந்து வந்தது. புண்ணாக்கும் தவிடும் தாது உப்பும் சேர்ந்து எப்போதும் கனத்துக் கிடக்கிற மாட்டுத்தீவனக் கடை இது. அதில் இந்த வாசம் மட்டும் தனியாக நின்றது. நாய் பிஸ்கட்டுதான். இதுவரை கோழி போட்டதும் பால் போட்டதும் வந்தன, மீன் போட்டது இப்போதுதான் வருகிறது. எலும்பு மாதிரியே வளைத்துச் செய்திருக்கிறார்கள். ஒன்றைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் நீங்கள் பக்கத்தில் வந்து, "எங்க, குடு பாப்பா" என்று கேட்ட மாதிரி இருந்தது. அதனால்தான் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் கல்யாணமாகி வந்த அன்றைக்கு நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஆள் கூட்டம் என்றால் எனக்கு அதுதான் இடம். கடத்தூரிலிருந்து உங்கள் சீர் குட்டியானை வண்டியில் வந்தது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் கொள்ளு நிறத்தில் ஒரு நாய் காதைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் பெயரும் கொள்ளுதான். பக்கத்து வீட்டு அத்தை சத்தமாகவே கேட்டார்: "என்னாங்க இது, பொண்ணு வூட்டுச் சீர்ல நாயும் உண்டுங்களா?"

புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டு போவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நீங்கள் மாலையோடு திரும்பி, "ஆமாங்க அத்தை. பீரோ துருப்புடிக்கும், இது புடிக்காதுங்க" என்றீர்கள். ஜன்னலுக்குப் பின்னால் நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

நம் வீட்டில் நாய்க்கென்று தனியாக எதுவும் செய்ததில்லை. நாங்கள் தின்னும் களிதான் அதற்கும். அன்று சாயங்காலம் அம்மா ஒரு களி உருண்டையை வைத்து மேலே கீரைக் குழம்பை ஊற்றினார். கொள்ளு குழம்பை மட்டும் நக்கியது. உருண்டையை மூக்கால் தள்ளித் தள்ளி வாசல் மூலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது?

"நம்ம வூட்ல எல்லாருக்கும் களிதான். நாய்க்குன்னு தனியா எல போட முடியுமா?" என்றார் அம்மா.

"வேணாங்க அத்தை. இந்தக் களியவே கொஞ்சம் தண்ணியாக்கிக்கறேன்" என்றீர்கள். மறுநாள் ஈரல் வேகவைத்த தண்ணீரில் சூடான களியைக் கரைத்து, கூழ் மாதிரி ஆக்கி வைத்தீர்கள். கொள்ளு தட்டை வாசல் முழுக்க இழுத்துக்கொண்டே நக்கியது. வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்த பிறகு, குழம்பு ஊற்றுவதை நீங்கள் அடியோடு நிறுத்தினீர்கள். அம்மாவிடம் அதைச் சொல்லிக்கூடக் காட்டவில்லை. தாளிப்பதற்கு முன்னாலேயே ஒரு கரண்டி வெந்த பருப்பை எடுத்து வைத்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அண்ணன் தன் பங்குக்கு ஒரு பெரிய பை வாங்கி வந்தான். பையின் மேல் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு வெளிநாட்டு நாய் படம். அதைப் பார்த்துத்தான் வாங்கினான் என்று அவனே சொன்னான். தட்டு நிறைய உருண்டைத் தீனியைக் கொட்டினான். கொள்ளு ஒன்று விடாமல் தின்றது. மறுநாள் அதற்கு வயிற்றால் போய், வாசல் முழுக்க அம்மா சாணி தெளிக்க வேண்டியதாயிற்று. அம்மாவின் வாய் நிற்கவே இல்லை. நீங்கள் தயிர்சோறு பிசைந்துகொண்டே, "புது மருமக மாதிரிதாங்க அத்தை. வந்த அன்னிக்கே எல்லாத்தையும் ஏத்துக்கன்னா வயிறு ஒத்துக்குமா? கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழகணும்" என்றீர்கள். அன்று ராத்திரி அம்மா உங்களுக்கு மட்டும் களிக்குப் பதில் சோறு வடித்திருந்தார்.

அண்ணி, உங்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், நீங்கள் கடித்துப் பார்ப்பதைத்தான் சொல்வேன். நாய்க்கு எதை வாங்கினாலும் முதலில் உங்கள் வாய்க்குத்தான் போகும். உருண்டைத் தீனியோ பிஸ்கட்டோ, பல்லால் உடைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்று, விழுங்கிவிட்டுத்தான் மீதிப் பாதியை அதற்கு நீட்டுவீர்கள். முதல் தடவை பார்த்தபோது நான் முகத்தைச் சுளித்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "நாம வாயில வெக்காதத அது வயித்துல தள்றது என்னா நியாயம் பாப்பா?"

அப்போதுதான் கொள்ளு கிடைத்த கதையைச் சொன்னீர்கள். தாய் வண்டியில் அடிபட்டு, பால் மறக்காத குட்டியாகச் சாலையோரம் கிடந்ததாம். பாலை வாயில் வைத்தால் கக்கிவிடுமாம். நீங்கள் பன்னை மென்று, உங்கள் விரலில் எடுத்து வைத்தபோதுதான் விழுங்கியதாம்.

கடித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று அன்று நானும் நம்பினேன். அப்படியில்லை என்று இப்போது தெரியும். நமக்கு இனிக்கிற சாக்லேட் நாய்க்கு விஷம். நீங்கள் அதைக் கடித்திருந்தால் நல்லாயிருக்குது என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஆனாலும் ஊசிப்போனதும் எண்ணெய் கெட்டுச் சிக்குவாடை வந்ததும் உங்கள் நாக்கைத் தாண்டிப் போனதே இல்லை.

புரட்டாசி வந்தது. அம்மா அடுப்பைக் கழுவி, கருவாட்டுப் பானையைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டார். அந்த மாதம் முழுக்க நம் வீட்டில் நாயும் சைவம்தான். நீங்கள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அதுல கோழி படம் போட்டிருக்குது. புரட்டாசி மாசம் கோழியவா தின்ற?"

"கோழி இல்லீங்க அத்தை, கோழி வாசனை."

"வாசனை எங்கிருந்து வந்துச்சு?"

"கோழிகிட்ட இருந்துதாங்க. அந்தப் பக்கம் போறப்ப ஒரு எட்டு வந்து குடுத்துட்டுப் போயிருக்கும்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவதானடி, அதுல என்னா எழுதியிருக்குதுன்னு பாரு" என்றார். ஒன்பதாவதோடு நின்ற நான் நம் வீட்டில் படித்தவள். எழுத்துக் கூட்டினேன். கோழி என்றுதான் இருந்தது. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, பொய் சொல்லவும் முடியவில்லை, பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீங்களே என்னைக் காப்பாற்றினீர்கள். "வூட்டுக்குள்ள தின்னாத்தானே குத்தம்" என்று சொல்லிவிட்டு, கொள்ளுவைக் கூட்டிக்கொண்டு ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போய்விட்டீர்கள். அங்கே நின்று நீங்கள் பாதி, அது பாதி. அந்த மாதம் முழுக்க அப்படித்தான். வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்த அம்மா, உள்ளே வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னாலே எனக்கு வார்த்தை வராது. அதனாலேயே பள்ளிக்கூடம் போவது நின்றுபோனது. பேசு, பேசு என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. இதே கடைக்கு என்னைக் கூட்டி வந்தீர்கள். எப்போது செய்தது, தேதி எங்கே, பை ஏன் உப்பியிருக்கிறது என்று முதலாளியைக் கேட்டுத் துளைத்தீர்கள். அவர் என் பக்கம் திரும்பி, "பாப்பா எந்த ஊட்டுப் புள்ள?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அவ வாயில பிஸ்கட் இருக்குதுங்க. முடிச்சிட்டு மெதுவாச் சொல்லுவா" என்றீர்கள். அப்படி ஒருவர் எனக்காக நேரம் வாங்கித் தந்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஏறும்போதுகூட வண்டியிலிருந்து எட்டி, "கொள்ளுக்குத் தண்ணி வெச்சியா பாப்பா?" என்று கேட்டீர்கள். வைத்தேன், அண்ணி. தண்ணீர் மட்டும்தான் குடித்தது.

நீங்கள் போன பிறகு கொள்ளு புளியமரத்தடியை விட்டு வரவில்லை, எதையும் தின்னவும் இல்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொன்று சொன்னார்கள். முட்டை வை என்றார் ஒருவர், வைத்தோம். வர்க்கியைப் பாலில் நனைத்து வை என்றார் இன்னொருவர். மாமா ஒருவர் தன் நாய்க்கு வாங்குகிற டின் தீனியைப் பாலக்கோட்டிலிருந்து வாங்கி வந்தார். வீட்டுக்குள் கறி வரக் கூடாது என்பதால், அண்ணன் பாய் கடையில் ஈரல் வாங்கி, வெளியே மூன்று கல் வைத்து வேகவைத்தான். நீங்கள் செய்த மாதிரியே களியைக் கரைத்தான். கொள்ளு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணன் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதான். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாதவன் அன்றுதான் அழுதான். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். "தானா வாய் வெச்சாத்தாங்க பொழைக்கும்" என்றார். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. உங்களிடமிருந்து எங்களுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதுவும் போய்விடும் என்றே நினைத்தோம்.

உங்கள் காரியத்தன்று படையல் போட்டோம். உங்களுக்குப் பிடித்தது எல்லாம் இலையில் வந்தது. உங்கள் அப்பா முட்டை போண்டா கொண்டுவந்தார். அண்ணன் டீ வாங்கி வைத்தான். அம்மா என்னைக் கூப்பிட்டு, "கடைக்குப் போயி அந்த பிஸ்கட்ட வாங்கிட்டு வாடி" என்றார். பால் போட்டதா என்று கேட்டேன். "கோழி போட்டதே வாங்கு. அவளுக்கு அதுதான் புடிக்கும்" என்றார். அவ்வளவு சொந்தக்காரர்கள் முன்னால், சாமி இலையில், நாய் பிஸ்கட்டை அம்மாவே தன் கையால் அடுக்கினார்.

சூடம் காட்டி, நீங்கள் வந்து சாப்பிடுவீர்கள் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். திறந்த பிறகு, காக்காவுக்கு ஒரு பங்கு கூரைமேல் வைத்தார்கள். நான் இலையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனேன். கொள்ளுவின் முன்னால் வைத்தேன். மோந்தது. திரும்பிக்கொண்டது. முழு பிஸ்கட் மண்ணில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் உறைத்தது. முழு பிஸ்கட்டை அது எந்த நாளில் தின்றிருக்கிறது?

பந்தல் நிறைய ஆட்கள். எல்லார் முகமும் இந்தப் பக்கம்தான் இருந்தது. கல்யாணப் பந்தியில்கூட நான் தலையைத் தூக்கிச் சாப்பிட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். சலித்து மீந்த கேழ்வரகுத் தவிட்டை எண்ணெயில் புரட்டிய மாதிரி இருந்தது. தொண்டைக்குள் இறங்க மறுத்தது. நீங்கள் செய்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு மென்றேன்.

"ஏய், அங்க பாருங்கடி, அந்தப் புள்ள நாய் பிஸ்கட்ட திங்குது" என்று பந்தலிலிருந்து ஒரு குரல். சிரிப்பும் கேட்டது. முகம் தீயாக எரிந்தது. எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. ஓடவில்லை. விழுங்கினேன். மீதிப் பாதியை நீட்டினேன்.

கொள்ளு முதலில் என் வாயை மோந்தது. பிறகு என் கையை. அதன் பிறகு அந்தப் பாதியை, உதடு மட்டும் படுகிற மாதிரி மெதுவாக எடுத்தது. அது மெல்லுகிற சத்தம் கேட்டது, அண்ணி.

நான் அடுத்ததைக் கடிப்பதற்குள் அம்மா வந்து பக்கத்தில், மண்ணிலேயே உட்கார்ந்தார். என் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினார். பந்தல் பக்கம் பார்த்து, "ஏன், நான்கூடத்தான் திம்பேன். இப்ப என்னாங்கறீங்க?" என்று சொல்லிவிட்டுக் கடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மென்றுகொண்டே என்னைப் பார்த்து, "இத எப்படிடி தின்னா அவ? உப்பே இல்ல" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டது. மீதிப் பாதியைக் கொள்ளு அவர் கையிலிருந்தும் வாங்கிக்கொண்டது.

இப்போது கொள்ளு பழையபடி ஆகிவிட்டது. அம்மா களிக்கு உலை வைக்கும்போதே அதற்கு வேண்டிய பருப்பைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார், தாளிப்பதற்கு முன்னால். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பந்தலில் நான் செய்ததை முதலாளி பார்த்திருக்கிறார். அவராகத்தான் வீட்டுக்கு வந்து கேட்டார். கடையில் நான் இன்னும் அதிகம் பேசுவதில்லை. யாராவது வந்து, "ஏம்மா, இத எங்க நாய் திங்குமா, நல்லா இருக்குமா?" என்று கேட்டால் மட்டும் பதில் சொல்கிறேன். "நான் தின்னு பாத்தேங்க" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் பையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்ப்பார்கள். வார்த்தை வராத நேரத்தில் அவசரப்படுவதில்லை. என் வாயில் பிஸ்கட் இருக்கிறது, முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் வார்த்தை வந்துவிடுகிறது.

கொள்ளு கடை வாசலில் சாக்குமேல் படுத்திருக்கிறது. பெட்டியைப் பிரித்ததிலிருந்து வாலை ஆட்டிக்கொண்டே என் வாயைத்தான் பார்க்கிறது. கையிலிருக்கிற பிஸ்கட்டை இதோ கடித்துவிட்டேன்.

மீன் நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணி. ஊசல் இல்லை, சிக்குவாடை இல்லை. உப்புதான் கம்மி. பாதியை அதற்குக் கொடுத்துவிட்டு வருகிறேன்.