காற்று முள்ளும் சூட்டு முள்ளும்

மார்ச் 3, செவ்வாய்

என் டீசல் டிரக்குக்கு இன்று இரண்டு மீட்டர் வைத்தாயிற்று. டர்போ எவ்வளவு காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது என்று ஒன்று காட்டும். புகை எவ்வளவு சூட்டோடு வெளியே போகிறது என்று இன்னொன்று. இப்படி இரண்டும் வைத்த வண்டி இந்த ஊரில் வேறு கிடையாது. விமானத்தில் இருக்கலாம்.

காற்று மீட்டரை என் கண்ணுக்கு நேராக வைக்கச் சொன்னேன். சூட்டு மீட்டர் பக்கத்து சீட்டுக்கு. அங்கே உட்காருகிறவருக்கும் பார்க்க ஏதாவது வேண்டாமா? மெக்கானிக் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணே, காத்து முள்ளு சும்மா சந்தோஷத்துக்கு. வண்டியக் காப்பாத்துறது சூட்டு முள்ளுதான். எழுநூறு டிகிரியத் தொட்டா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடுங்க, இல்லன்னா டர்போ போயிடும்."

நான் ஆறாவது வரை படித்தவன். எனக்கு எழுநூறு தெரியாதா?

எஞ்சினுக்கு டீசல் கூடுதலாகப் போகட்டும் என்று பம்பையும் இரண்டு சுற்று கூட்டி வைக்கச் சொன்னேன். அரைச் சுற்றுதான் கூட்டினான். கேட்பவர்களுக்கு இரண்டு.

மார்ச் 5, வியாழன்

அக்கா வந்தாள். அவள் மகள் ஒரு சலவை வண்டி கட்டியிருக்கிறாள். டிரக்குக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர். உள்ளே மூன்று வாஷிங் மெஷின், ஜெனரேட்டர், ஆள் உயரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கப்பாதை வெட்டுகிறார்கள். அந்த முகாமில் துணி துவைக்கும் ஒப்பந்தம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. திங்கள் காலை வண்டி அங்கே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். இருந்த வேலையையும் விட்டுவிட்டுத்தான் இதில் இறங்கியிருக்கிறாள் பெண்.

"இழுக்கறதுக்கு வாடகைக்கு ஒரு வண்டி பாக்கட்டுமாடா?" என்றாள் அக்கா. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மூன்றாவது தடவை கொஞ்சமாகத்தான் போட்டுக்கொண்டேன்.

"தாய்மாமன் நான் உயிரோட இருக்கேன்க்கா."

"அதான்டா பயமா இருக்கு."

மார்ச் 7, சனி

டிரெய்லரை மாட்டித் தெருமுனை வரை இழுத்துப் பார்த்தேன். காற்று முள் தூக்கத்திலேயே இருந்தது. அவ்வளவு லேசு. இதை இழுத்துக்கொண்டு போனால் என் வண்டிக்கு என்ன மரியாதை? அதுவும் காலித் தொட்டியோடு ஒரு பெண் தொழில் தொடங்கலாமா? அவள் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன நேரம் பார்த்துக் குழாயை விட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டேன். ஒரு டன் தேறும். போய்ச் சேர்ந்ததும் திறந்து காட்டினால் அசந்துபோவாள்.

மார்ச் 8, ஞாயிறு

கிளம்புகிறோம். சட்டை புதுசு.

அதே நாள், சாயங்காலம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏற்றத்தில் காற்று முள் எழுந்தது பாருங்கள், இருபது, இருபத்தைந்து, இருபத்தெட்டு. முப்பது என்றே வைத்துக்கொள்ளலாம். அக்கா மகள் பக்கத்து சீட்டில்.

"மாமா, அறுநூத்தம்பது."

"மீட்டர் புதுசும்மா. ஆர்வக்கோளாறு."

"எழுநூறு மாமா! கியரக் குறைச்சு காலை எடுங்க."

"கியரக் குறைச்சா பின்னாடி வர்றவன் என்ன நினைப்பான்?"

"பின்னாடி யாருமே தெரியல. ஒரே கரும்புகை."

டப்பென்று ஒரு சத்தம். காற்று முள் பூஜ்யத்தில் விழுந்தது. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாய் கழன்றுவிட்டது. ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அணைக்காதீங்க! சும்மா ஓடி ஆறட்டும். மெக்கானிக் சொன்னாரு." எனக்குத் தெரியாமல் அவனுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

பிறகு இறங்கிப் போய் டிரெய்லரைச் சுற்றி வந்தாள். டயர் நசுங்கி உட்கார்ந்திருந்தது. தொட்டியை விரலால் தட்டினாள். நான் மலையைப் பார்த்தேன்.

"மாமா, இதுல தண்ணி இருக்கா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

"வாய் வரைக்கும்."

"தண்ணிய முகாம்லயே தர்றாங்க மாமா."

அவ்வளவுதான் சொன்னாள். சாலையோரக் கல்லில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். தோள் குலுங்கிச்சு. திட்டியிருந்தா வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். நாலு பேர் முன்னாடி திட்டியிருந்தாக்கூட — அழுதா நான் என்ன பண்றது?

எழுந்து தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் சாலையில் இறங்கி ஓடியது. அந்த மலைக்கு அருவி இல்லாத குறை தீர்ந்தது. எஞ்சின் ஆறியதும் ரப்பர் குழாயை மாட்டிக் கிளிப்பை முறுக்கினேன். புதுச் சட்டை அடுப்புத் துணி ஆயிற்று.

அவள் கையை நீட்டினாள். சாவி.

"நீங்க இந்தப் பக்கம் உக்காந்து முள்ளப் பாத்துச் சொல்லுங்க. உள்ளத உள்ளபடி."

கியரைக் குறைத்து மெதுவாக ஏறினாள். ஐந்நூறு என்றேன். ஐந்நூற்று முப்பது. செங்குத்தான வளைவில் முள் ஏறியது. என் வண்டியாயிற்றே, நானூறு என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அவள் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரலெல்லாம் வெளுத்திருந்தன.

"அறுநூத்தி நாப்பது" என்றேன்.

காலை எடுத்தாள். முள் இறங்கியது.

மார்ச் 9, திங்கள்

வண்டி நேரத்துக்கு முகாமில் நின்றது. மேஸ்திரியிடம், பாதி மலையில் தண்ணீரைக் கொட்டி எஞ்சினை ஆற்றுவது என் சொந்த முறை என்று விளக்கினேன். குறித்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். முதல் துவைப்பு என் சட்டை. கறை போகவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா வீட்டில் விருந்து. சூடு ஆயிரத்தைத் தொட்டதையும், எஞ்சின் செக்கச்சிவந்ததையும், நான் கண்ணை மூடிக்கொண்டே மலை ஏற்றியதையும் சொன்னேன். அக்கா மகள் குறுக்கே பேசவில்லை. எனக்கு இன்னொரு கரண்டி போட்டாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சலவை வண்டியை இன்று அடுத்த முகாமுக்கு, அதைவிட உயரத்துக்கு இழுத்துப் போனோம். கிளம்பும் முன் மெக்கானிக் வந்தான். இனி அக்கா மகள்தான் ஓட்டுகிறாள் என்பதால் சூட்டு மீட்டரை ஸ்டியரிங் பக்கம் மாற்றித் தரட்டுமா என்று கேட்டான். நல்ல யோசனை என்று நானே சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம்ணே. மாமா சொல்லுவாங்க" என்றாள்.

மேல் வளைவில் அறுநூற்றுப் பத்து என்றேன். கியரைக் குறைத்தாள். மீட்டர் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.